கற்பூரம் கடந்து வந்த கடல்

தலைவலித் தைலப் புட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டை மூக்குக்கண்ணாடி அணிந்து படித்தால், அதில் சேர்ந்துள்ள சரக்குகளின் வரிசையில் 'கேம்பர்' என்ற பெயர் பெரும்பாலும் காணப்படும். அதே வீட்டுப் பூசையறையில், ஒரு சிறு பித்தளைச் சம்புடத்தில், வெண்ணிற வில்லைகளாகக் கற்பூரம் இருக்கும். இரண்டும் ஒரே பொருள் என்பது பலருக்கும் தெரியும். இரண்டும் ஒரே சொல் என்பதைத்தான் எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

தமிழ்க் கரையில் வந்து இறங்கிய கம்பெனி வணிகர்கள் நம்மவர் வாயிலிருந்து நேரே கேட்டு எழுதிக்கொண்ட சொற்கள் சில உண்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவை அவ்வாறு ஆங்கிலத்தில் குடியேறியவை. கற்பூரம் அப்படிச் சென்றதன்று. கம்பெனி தோன்றியது 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவே, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் புழங்கியிருக்கிறது. ஆகவே அது வேறொரு பாதையில், பல கைகள் மாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

அந்தப் பாதையைப் பின்னோக்கி நடந்து பார்க்கலாம். ஆங்கிலத்துக்கு முன்னே பிரெஞ்சு. அதற்கு முன்னே ஐரோப்பாவின் மருத்துவரும் மடாலயத் துறவியரும் எழுதிய இடைக்கால இலத்தீன். அதில் இச்சொல் 'காம்ஃபோரா' என்றிருக்கிறது. இலத்தீனுக்கு அதைக் கொடுத்தவர் அராபியர். அவர்கள் சொல் 'காஃபூர்'. இடையில் நிற்கும் மகர ஒற்று ஐரோப்பாவில் நுழைந்தது. அரபியில் அது இல்லை. ஸ்பானிய மொழி இன்னும் ஒரு தடயத்தை மறைக்காமல் வைத்திருக்கிறது. அங்கே கற்பூரத்துக்குப் பெயர் 'அல்கன்ஃபோர்'. முன்னால் நிற்கும் 'அல்', அல்ஜீப்ராவிலும் ஆல்கஹாலிலும் இருக்கிற அதே அரபிச் சுட்டு. வந்த வாசலைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்ட சொல் அது.

அரபி மொழியில் பகர ஒலி கிடையாது. பிற மொழியிலிருந்து பகரம் வந்தால் அதை ஃபகரமாக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். எனவே காஃபூருக்குப் பின்னால் ஒரு 'காபூர்' இருக்கவேண்டும். இருக்கிறது, பழைய பாரசீகரின் பஹ்லவி மொழியில். அதற்கும் பின்னால் பிராகிருதத்தின் 'கப்பூர', வடமொழியின் 'கர்ப்பூர'. தைலப் புட்டியிலிருந்து புறப்பட்டவர் தம் பூசையறைக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் தோன்றும். கதை இத்துடன் முடிந்தது என்று பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் இது பாதிவழிதான்.

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. சொல்லின் மூலம் தேடுவதில் காதை மட்டும் நம்பினால் பள்ளத்தில் விழ நேரும். இதற்கு ஆங்கில விவிலியத்திலேயே நல்லதோர் உதாரணம் இருக்கிறது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான மொழிபெயர்ப்பில், சாலமோனின் உன்னதப்பாட்டு என்ற பகுதியில், தலைவி தன் காதலனை எங்கேதி ஊரின் திராட்சைத் தோட்டங்களில் உள்ள ஒரு பூங்கொத்துக்கு ஒப்பிடுகிறாள். அந்தப் பூவுக்கு மொழிபெயர்த்தோர் இட்ட பெயர் 'காம்ஃபயர்', அதாவது கற்பூரத்தின் அன்றைய ஆங்கில வடிவம். மூல எபிரேயத்தில் அங்கே இருப்பதோ 'கோஃபெர்' என்னும் சொல். அதன் பொருள் மருதாணி! ஒலி ஒத்துவந்ததால் மருதாணிப் பூ கற்பூரமாயிற்று. பின்வந்த பதிப்புகளில் அது திருத்தப்பட்டுவிட்டது. நாட்டின் மிகச்சிறந்த புலவர்கள் கூடி அமர்ந்து செய்த பணியிலேயே இப்படி நேர்ந்தது என்றால், திண்ணையில் அமர்ந்து சொற்பிறப்புச் சொல்பவர்களை என்னென்பது?

உப்பென்று எண்ணிய கற்பூரம்

பழைய கிரேக்க, ரோமானியப் பேரறிஞர்கள் கற்பூரத்தை அறியவில்லை. பிளினி என்ற ரோமானியர் நம் மிளகு, இரத்தினங்கள் பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். மிளகுக்காக ரோமாபுரிப் பொன் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருந்தவும் செய்திருக்கிறார். கற்பூரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. நம் துறைமுகங்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் 'பெரிப்ளூஸ்' என்ற முதல் நூற்றாண்டுக் கடல்வழிக் கையேட்டிலும் அது இல்லை. முத்தும் மிளகும் சென்ற கப்பல்களில் அக்காலத்தில் கற்பூரம் ஏறவில்லை என்றே கொள்ளவேண்டும்.

மேற்கே முதலில் அதை விரும்பி வாங்கியவர்கள் பாரசீக மன்னர்கள். 637ஆம் ஆண்டில் அராபியப் படை பாரசீகத் தலைநகரான தெசிபோனைக் கைப்பற்றியபோது நடந்ததாக அராபிய வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார்கள். அரண்மனைப் பண்டகசாலையில் வெண்மையான ஒரு பொருள் மிகுதியாக இருந்தது. பாலைவனத்திலிருந்து வந்த வீரர்கள் அதை உப்பு என்று எண்ணிச் சமையலில் போட்டார்கள். வாயில் வைத்ததும் கசந்தது. அது கற்பூரம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். கண்டிராத பொருளை யார்தான் அறிவார்? அந்தச் சொல்லோ அவர்களுக்குப் புதிதன்று. குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில், நல்லோர் மறுமையில் அருந்தும் பானத்தில் 'காஃபூர்' கலந்திருக்கும் என்று வருகிறது. சொல் முன்னே போய்ப் பொருள் பின்னே சேர்வதும் உலகில் உண்டு. பிற்காலத்தில் அதே அராபியர்தாம் கற்பூரத்தை மருத்துவத்திலும், இறந்தோரை நீராட்டும் சடங்கிலும் ஏற்று, ஐரோப்பா வரையில் கொண்டு சென்றார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

நான்கு வேதங்களின் யாகப் பொருள்களில் கற்பூரம் இல்லை. நெய்யும் சமித்தும் தர்ப்பையும் உண்டு, கற்பூரம் இல்லை. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் அது வருகிறது; வாய் மணக்கத் தாம்பூலத்துடன் சேர்க்கும் பொருள்களில் ஒன்றாகச் சரக சம்ஹிதை அதைச் சொல்கிறது. தமிழில் இதன் பழைய வடிவம் 'கருப்பூரம்'. ஆண்டாள் நாச்சியார் திருமால் கைச் சங்கை அழைத்து, அவன் வாயின் மணத்தையும் சுவையையும் கேட்கும் பதிகத்தில் இந்த வடிவத்தையே ஆள்கிறாள்.

ஏன் கருப்பூரம்? இதற்கு விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. தனிக்குற்றெழுத்தை அடுத்து ரகர ஒற்றும் ழகர ஒற்றும் வாரா என்பது தமிழின் பழைய விதி. 'மார்பு' என்று நெடிலுக்குப் பின் ரகர ஒற்று வரலாம். 'கர்' என்று குறிலுக்குப் பின் வரக்கூடாது. ஆகவே தர்மம் தருமம் ஆனது, கர்மம் கருமம் ஆனது, கர்ப்பூரம் கருப்பூரம் ஆனது. மற்றொரு வழியும் இருந்தது. குறிலுக்குப் பின்னே றகர ஒற்று வரத் தடையில்லை. கற்பு, பொற்பு என்று சொற்கள் உண்டு. அந்த வழியில் பிறந்ததே இன்று நாம் எழுதும் 'கற்பூரம்'. கருமைக்கும் இச்சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; வெள்ளைப் பொருளுக்குக் கருமையில் மூலம் தேடுவோர் மருதாணியைக் கற்பூரமாக்கிய புலவர்களின் உறவினர்.

இலக்கணம் காட்டும் செய்தி ஒன்று: சொல் தமிழுக்கு வெளியிலிருந்து வந்தது. வடமொழிக்கும் அது வெளியிலிருந்து வந்ததா என்பதே அடுத்த கேள்வி.

சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தார். தெற்கே உள்ள மலய மலையைப் பற்றி அவர் எழுதும்போது, அங்கே சந்தன மரத்துடன் கற்பூர மரமும் வளர்வதாகச் சொல்கிறார். அடிமரம் பைன் மரம்போல் இருக்கும், பச்சையாக வெட்டினால் மணம் இராது, உலர்ந்தபின் பிளந்தால் உள்ளே அப்பிரகம் போலவும் பனி போலவும் வெண்மையான படிகங்கள் கிடைக்கும் என்கிறார். மரத்தைப் பற்றிய விவரம் வியக்கத்தக்கவாறு சரியானது. இடம்தான் தவறு. பொதிகையிலோ அதை ஒட்டிய மலைகளிலோ அந்த மரம் இல்லை. பாண்டி நாட்டுத் துறைகளில் வந்து இறங்கிய சரக்கை அந்நாட்டில் விளைந்ததாகவே காஞ்சியில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

இளங்கோவடிகள் ஏமாறவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டித் துறையார் கப்பல் கூட்டமாகக் கொண்டுவந்த அகில், பட்டு, சந்தனம், வாசப் பொருள்கள், கற்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கீழ்க்காற்று மதுரைக்குள் புகுவதாக அவர் பாடுகிறார். கற்பூரம் கீழைக் கடலிலிருந்து கப்பலில் வருவது என்பதை அவர் தெளிவாக அறிந்திருக்கிறார்.

பெயர் சொல்லாமல் தேடிய பொருள்

அந்த மரம் வளர்வது சுமத்ரா, போர்னியோ, மலேயா ஆகிய பகுதிகளின் மழைக்காடுகளில். 60 மீட்டர் வரை வானளாவி உயரும். எல்லா மரத்திலும் கற்பூரம் இராது. அடிமரத்தின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் படிகமாக உறைந்திருக்கும். வெட்டிப் பிளக்கும் வரை உள்ளே இருக்கிறதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மரத்தில் கைப்பிடி கிடைக்கப் பல மரங்களை வீணாகச் சாய்க்க நேரும். பொன்விலைக்கு அது விற்றதன் காரணம் இதுவே. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ரா வழியாகத் திரும்பியபோது, அங்கே ஃபன்சூர் என்ற பகுதியின் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்பதாக எழுதினார்.

அம்மரத்துக்கும் அதன் படிகத்துக்கும் மலாய் மொழியில் பெயர் 'காப்பூர்'. அதே சொல்லுக்கு மலாயில் இன்னொரு பொருளும் உண்டு: சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புக்கும் காப்பூர் என்றே பெயர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் வெற்றிலைச் சுண்ணாம்பை 'அபோக்' என்கிறார்கள். இரண்டும் ஒரே பழங்குடும்பத்துச் சொற்கள். மரத்துக்குள் வெண்மையாக உறைந்திருந்ததைக் கண்ட காட்டுமக்கள் தமக்குத் தெரிந்த வெள்ளைப் பொருளின் பெயரையே அதற்கும் இட்டார்கள் என்று கொள்வது இயல்பாக இருக்கிறது. அந்தக் காப்பூர் நம் வணிகர் வாயில் 'கப்பூர' ஆகி, பண்டிதர் கையில் ரகரம் பெற்றுக் 'கர்ப்பூர' ஆனது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. வடமொழியிலிருந்தே மலாய்க்குச் சென்றது என்று கூறுவோரும் உண்டு. ஆனால் மரம் வளரும் ஊரில் அதற்குப் பெயரில்லாமல் இருந்து, மரமே இல்லாத நாட்டிலிருந்து பெயர் இறக்குமதியாயிற்று என்பதை ஏற்பது சற்றுக் கடினம். நமக்கு வந்த சரக்கு வெறுங்கையுடன் வராது; பெயரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

போர்னியோவின் காயான் மக்களைப் பற்றிய செய்தி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. கற்பூரம் தேடிக் காட்டுக்குள் செல்லும்போது அவர்கள் தம் வழக்கமான பேச்சை விட்டு, அதற்கென்றே அமைத்துக்கொண்ட தனி மொழியில்தான் பேசுவார்கள். கற்பூரத்தின் பெயரை மட்டும் உச்சரிக்கவே மாட்டார்கள். 'மணக்கும் பொருள்' என்பார்கள். பெயரைச் சொன்னால் பொருள் கண்ணில் படாமல் மறைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மலேயாவின் ஜொகூர்க் காட்டிலும் இத்தகைய 'கற்பூர மொழி' வழங்கியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கிராமங்களில் இரவில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்வதும், கணவர் பெயரைச் சொல்லாத பாட்டிமார் சுற்றி வளைத்து உணர்த்துவதும் நினைவுக்கு வருகிறதல்லவா? உலகம் முழுவதும் பயணம் செய்யப்போகிற ஒரு சொல்லை, அதன் பிறந்தகத்தார் வாய்விட்டுச் சொல்லவே அஞ்சியிருக்கிறார்கள்.

மார்க்கோ போலோ சொன்ன ஃபன்சூர், சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் என்ற துறையின் பக்கம். தமிழருக்கு மெய்யான உறவு இருப்பது இந்த இடத்தில்தான். பாருஸுக்கு அருகில் லோபு துவா என்ற இடத்தில் 1873ஆம் ஆண்டில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அது தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088, முதற் குலோத்துங்க சோழன் காலம். அதைப் பொறித்தவர்கள் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற புகழ்பெற்ற வணிகக் கழகத்தார். அவ்வூர் அக்கல்லில் 'வாரோசு' என்று குறிக்கப்படுகிறது. கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகச் செலுத்தவேண்டிய தொகை அதில் பேசப்படுகிறது. ஊர் விட்டு ஊர் போய்க் கடை வைத்தாலும், வரவு செலவைக் கல்லில் எழுதி வைக்கும் பழக்கத்தை நம் வணிகர் விடவில்லை.

வாரோசு என்ற பெயர் தமிழ்நாட்டிலேயே ஏட்டில் இருந்திருக்கிறது என்பது இன்னும் சுவையானது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், மேலே சொன்ன ஊர்காண் காதைப் பகுதிக்கு உரை எழுதும்போது கற்பூர வகைகளை வரிசையாகப் பட்டியலிடுகிறார். மலைச்சரக்கு என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் இறுதியில் வாறோசு, சூடன், சீனச்சூடன் என்ற மூன்று பெயர்கள் நிற்கின்றன. நெடுங்காலம் பொருள் விளங்காது கிடந்த 'வாறோசு', சுமத்ராவின் கல்லுடன் வைத்துப் பார்க்கையில் பளிச்சென்று விளங்கிவிடுகிறது. அது பாருஸிலிருந்து வந்த கற்பூரம்.

அக்கல் நடப்படுவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன், 1077இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட ஒரு தூதுக்குழு சீனப் பேரரசரைக் காணச் சென்றது. கண்ணாடிப் பொருள்கள், பட்டாடை, தந்தம், பன்னீர், இலவங்கம் ஆகியவற்றோடு கற்பூரமும் அவர்கள் கொண்டுசென்ற காணிக்கையில் இருந்தது. பதிலாகப் பேரரசர் அளித்தது 81,800 கோவைச் செப்புக்காசுகள் என்று சீனக் குறிப்பு கூறுகிறது. சீனர் அக்கற்பூரத்துக்கு வைத்த பெயர் 'நாகமூளை வாசம்'. டிராகன் என்று அவர்கள் வணங்கும் பறக்கும் நாகத்தின் மூளை என்பது பொருள். தம் நாட்டிலேயே வேறொரு கற்பூரம் விளைந்தும், தீவுகளின் கற்பூரத்தை அவர்கள் பெருவிலை கொடுத்து வாங்கினார்கள்.

மூன்று பொருள், ஒரு பெயர்

அந்த 'வேறொரு கற்பூரம்' எது என்பதை அடியார்க்குநல்லாரின் பட்டியலில் வரும் சீனச்சூடன் என்ற பெயரே காட்டுகிறது. சீனா, ஜப்பான், தைவான் நாடுகளில் வளரும், இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் உண்டு. அதன் கட்டையைச் சீவி, நீராவியில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்தால் கற்பூரம் உறையும். தேடி அலையவேண்டியதில்லை, எந்த மரத்திலும் கிடைக்கும். இது மலிவு. எரிவதும் எளிது. சுமத்ராவின் கற்பூரமும் இதுவும் வேதியியலின்படி நெருங்கிய உறவினர், ஆனால் ஒன்றல்ல. ஒரு மூலக்கூறில் ஹைட்ரஜன் அணுக்கள் முன்னதில் 18, பின்னதில் 16, மற்றவை சமம். முன்னதற்கு அறிவியலார் போர்னியோத் தீவின் பெயரால் 'போர்னியால்' என்று பெயரிட்டுவிட்டார்கள். 'கேம்பர்' என்ற பழம்பெயர் பின்னதற்குப் போயிற்று. காட்டுமக்கள் எந்தப் பொருளுக்குப் பெயரிட்டார்களோ அதனிடமிருந்து பெயர் பறிக்கப்பட்டு, சீனத்துச் சரக்குக்குச் சூட்டப்பட்டுவிட்டது!

தமிழர் இந்த இடத்தில் தெளிவாக நடந்துகொண்டார்கள். உண்ணவும் திருமேனியில் சாத்தவும் உரியது பச்சைக் கற்பூரம், எரிக்கச் சூடம் என்று பிரித்து வைத்தார்கள். சர்க்கரைப் பொங்கலில், தீர்த்தத்தில், தாம்பூலத்தில் கடுகளவு சேர்வது முன்னது. திருமலையில் வேங்கடமுடையானின் திருமோவாயில் சாத்தப்படுவதும் அதுவே. இராமாநுசரின் சீடரான அனந்தாழ்வான், பெருமாளின் நந்தவனத்துக்காகக் குளம் வெட்டியபோது, கருவுற்றிருந்த அவர் மனைவிக்கு உதவ ஒரு சிறுவன் வந்தான். பிறர் உதவியை விரும்பாத அனந்தாழ்வான் கையிலிருந்த கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். சந்நிதியில் பெருமாளின் மோவாயில் குருதி வழிந்தது. கலங்கிய அடியவர் பச்சைக் கற்பூரத்தை வைத்து அதை நிறுத்தினார் என்பது தலவரலாறு. காயத்துக்கு மருந்தாக இட்ட கற்பூரம் இன்றும் திருநாமத்துக்கு அடுத்த அடையாளமாக அவன் திருமுகத்தில் விளங்குகிறது. அந்தக் கடப்பாரை மகாத்துவாரத்தில் இருக்கிறது.

சூடத்தின் பிற்காலக் கதை ஆலயத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. 1870ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் செல்லுலாய்டு என்ற பொருளை உருவாக்கியபோது அதற்குக் கற்பூரம் இன்றியமையாததாயிற்று. சீப்பு, பொத்தான், பின்னர்த் திரைப்படச் சுருள் எல்லாம் அதில் ஆனவை. கொட்டகையில் கும்பிட்டபடி நம் முன்னோர் பார்த்த பழைய பக்திப் படங்களின் சுருளும் இவ்வகையே. அங்கேயும் சற்றுக் கற்பூரம் இருந்திருக்கிறது. கற்பூர வளத்துக்குப் பெயர்பெற்ற தைவானை 1895இல் பெற்ற ஜப்பான், 1899இல் அவ்வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கியது. விலை ஏறவே, ஐரோப்பியர் செயற்கை முறையைத் தேடினார்கள். பின்லாந்தின் வேதியியலார் குஸ்தாவ் கோம்ப்பா 1903இல் கற்பூரத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக்காட்டினார். இன்று நம் கடைகளில் கிடைக்கும் எரிகற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலைகளில் செய்யப்படுவது. சுமத்ராவின் மரமும் இல்லை, சீனத்து மரமும் இல்லை. பெயர் மட்டும் அதேதான்.

சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றென்று கொள்வதில் ஆபத்து ஒன்று உண்டு. பேரன் பேத்தியர் உள்ள வீடுகளில் இதை அறிந்திருப்பது நல்லது. எரிக்கும் கற்பூரம் வாய்க்குள் போகத்தக்கதன்று. சிறு குழந்தை அதை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாக முடியும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். சளிக்கென்று தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அது உள்ளே சென்றுவிடும். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் கற்பூர எண்ணெய் விற்பனையையே நிறுத்திவிட்டு, தைலங்களில் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்தார்கள். பச்சைக் கற்பூரம் என்ற பெயரில் விற்பவை யாவும் பழைய வாரோசுச் சரக்கு ஆகா. உணவுக்குரியது என்று சீட்டில் தெளிவாக இருந்தாலொழிய நைவேத்தியத்தில் சேர்க்காமலிருப்பதே முறை. பூசையறையில் இரண்டையும் ஒரே சம்புடத்தில் போட்டு வைப்பது எவ்வகையிலும் சரியன்று.

பெயர் இன்னும் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கற்பூரவள்ளி இலையில் கற்பூரம் இல்லை. மணம் பற்றி வந்த பெயர். சித்த மருத்துவத்தின் இரசகற்பூரம் பாதரச உப்பு. நிறம் பற்றி வந்த பெயர். துணிப்பெட்டியில் பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் நாப்தலின் உருண்டையையும் தமிழகத்தில் பலர் இரசகற்பூரம் என்றே கேட்டு வாங்குகிறார்கள். அது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் நஞ்சு. மூன்று கற்பூரத்துக்கும் உறவில்லை.

இந்தோனேசியாவிலும் இதுவே நடந்திருக்கிறது. 'காப்பூர் பாருஸ்', அதாவது பாருஸ் கற்பூரம், என்ற சொல் அங்கே இன்றும் வழக்கில் உள்ளது. ஐந்நூற்றுவரின் கல் ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்க, அந்நகரக் கடைகளில் காப்பூர் பாருஸ் என்று கேட்டால் துணிப்பெட்டியில் போடும் பூச்சியுருண்டைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள்.